நில்லு சொல்வது யார் வேலை

லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர் அவர். பாடிக்காரர் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். ஊரான் வண்டிக்கெல்லாம் பாடி கட்டி அலுத்துப்போய், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தன் பிக்கப் வண்டிக்கு ஒரு பெட்டி வீடு கட்டினார். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெத்தைத் தட்டு, மடக்கி வைக்கிற மேசை, ஒரே ஒரு அடுப்பு. நடைவழியில் ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதைத் தூக்கி வண்டி முதுகில் வைத்து, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு முறுக்கி இறுக்கிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். நல்ல சாலை அவருக்குப் பிடிக்காது. சாலை எங்கே முடிகிறதோ அங்கேதான் அவருக்குப் பயணம் ஆரம்பிக்கும்.

முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு கல்லிலும் பள்ளத்திலும் ஏறுகிற வண்டிக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொள்ளலாம், பஞ்சரானால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் மட்டும் தலைக்கனம் அதை மேலே நிமிர விடாது. மனுஷனுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார், அது பழைய காலம்.

அதனால் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு வேலை இருந்தது. அவர் ஓட்டுவார். அவருடைய மனைவி முன்னால் நடந்து, வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, கையால் வழி காட்டுவாள். அவளுக்கு வேலை கண்ணாடிக்கடையில். லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து “இது தெளிவா, அது தெளிவா” என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. ஊர்க் கண்ணையெல்லாம் சரிபண்ணுகிறவள் என் வண்டிக்கும் கண்ணாக இருக்கட்டுமே என்பார். மகள் வண்டிக்குப் பின்னால் வருவாள். பின் சக்கரம் எங்கே விழுகிறது, பெட்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, சரியில்லை என்று பட்டால் “நில்லு” என்று கத்துவாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு வாலு என்றுதான் பெயர். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, அந்தக் குரலும் அடங்கவில்லை. மலையின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

மற்ற வண்டிக்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். முன்னால் நிற்கிறவர் கை தெரியவில்லை என்றால் நிறுத்து, கை சும்மா இருந்தாலும் நிறுத்து, அதுதான் எல்லோரும் வைத்திருக்கிற சட்டம். இவர்கள் வண்டியில் தலைகீழ். அம்மாவின் கை வலப்பக்கம் நீண்டால் அந்தப் பக்கம், இடப்பக்கம் நீண்டால் இந்தப் பக்கம், இரண்டும் கீழே தொங்கினால் ‘சரி, அப்படியே வா’. நிறுத்தச் சொல்வதுதான் பின்னால் வாலுவின் வேலையாயிற்றே, அதற்கென்று ஒரு கை எதற்கு? வருஷக்கணக்கில் இது ஓடியது. ஓடுகிற வண்டியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வாலு காய்ச்சல் என்று படுத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனாள். மறுபடி படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்துபோனவள் நடந்து திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். இதை எப்படித் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் இதற்கு மேல் நீளாது.

அவள் போனதும் பல வேலைகளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கேஸ் புக் பண்ணுவது, டீவி ரிமோட்டில் பேட்டரி மாற்றுவது, அப்பாவின் தாடியைப் பார்த்து முகம் சுளிப்பது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக யாரோ எடுத்துச் செய்தார்கள், அல்லது செய்யாமல் விட்டார்கள். நில்லு என்று சொல்வது யார் வேலை என்று மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவே இல்லை. வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. பேச என்ன இருக்கிறது?

அவர் மனைவி அழவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் இது பெரிய குறையாக இருந்தது. அழுதுவிடு, பாரம் குறையும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பெரிய நாத்தனார் போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்குக் கோபம் வரவில்லை. கல்லு என்றால் கல்லு, இருக்கட்டும் என்று இருந்தது. காரியம் முடிந்து கடைக்குப் போனாள். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டாள். டீ வந்தது, குடித்தாள், அதில் சர்க்கரை போடவில்லை என்பதை டீ கொண்டுவந்தவரே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. கால் மரத்துப்போனால் உதறிக்கொள்ளலாம். ஆளே மரத்துப்போனால் எதை உதறுவது?

அவர் வேறு மாதிரி. பட்டறைக்கு முன்னைவிடச் சீக்கிரம் போனார், முன்னைவிட நேரம் கழித்து வந்தார். வந்தால் பேசுவார், மின்சாரம் போனது, ஆணி வரவில்லை, வெல்டர் லீவு. அவள் ம் கொட்டுவாள். ஒருத்தருக்கொருத்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் மாதிரி மரியாதையாக இருந்தார்கள்.

அவளுடைய தம்பிதான் ஆரம்பித்தான். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வாங்கக்கா, ஒரு மாற்றமாக இருக்கும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னதை அவள் அவரிடம் சொன்னாளோ, அவன் அவரிடமும் சொன்னானோ, ஒருநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏரிக்குப் போலாமா?”

“போலாம்” என்றாள். நிலாவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அந்த ஏரி ஒரு மலைக்கு மேலே இருந்தது. இருந்தது என்று கேள்வி, அவர்கள் பார்த்ததில்லை. கிளம்பிப் போனதுண்டு, பல தடவை. பாதி வழியில் பாதையின் குறுக்கே பாறை சாய்ந்து படுத்திருக்கும். மேட்டுப் பக்கம் பாறையின் திமில், பள்ளத்துப் பக்கம் மழைத் தண்ணீர் அறுத்த குழி, அதற்கு அப்புறம் சரிவு. ஒரு பக்கச் சக்கரம் திமிலில் ஏறி, இன்னொரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதற்குக் கணக்குப் போட வேண்டாம். அங்கே போனதும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து “நில்லு” வரும். அவர் இறங்கி நின்று வாதாடுவார். ஏரி எங்கேயும் ஓடிப்போகாதுப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று வாலு சொல்லுவாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார்.

கிளம்புகிற அன்றைக்கு எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார். தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பினார். அரைத் தொட்டி தளும்பி வண்டியை ஆட்டும், நிறைகுடம் தளும்பாது. கனமான சாமான் எல்லாம் தரையோடு, மெத்தையும் துணியும் மட்டும் மேலே. கூரையில் ஒன்றும் ஏற்றவில்லை. தார் ரோடு முடிந்த இடத்தில் இறங்கி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார், அப்போதுதான் ரப்பர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். கொஞ்ச தூரம் குலுங்கிப் போனதும் மறுபடி நிறுத்தி நாலு மூலைச் சங்கிலியையும் ஆட்டிப் பார்த்து முறுக்கினார். ஸ்டியரிங்குக்கு முன்னால், கொத்தனார் வைக்கிற ரசமட்டம் ஒன்றைக் குறுக்காகத் திருகி வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் குமிழ் இங்கும் அங்கும் ஓடும். இதற்கு மேல் சாயக்கூடாது என்று இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. சாமான்களை இப்படிப் பார்த்துக்கொள்கிறவர் என்ன நினைப்பில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

வழியில் லேசான இடங்களில் அவள் இறங்கவே வேண்டியிருக்கவில்லை. கிளைகள் தாழ்ந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கி, பெட்டியின் நெற்றி இடிக்காமல் கொண்டுவந்தாள். கை தானாக வேலை செய்தது. நல்ல வெயில். மேகம் இல்லை, காற்று இல்லை, அழகான நாள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டிய நாள்.

பாறை வந்தது. அதற்கு முன்னால் வண்டி திரும்புகிற அளவுக்கு ஒரு வெட்டவெளி உண்டு, அங்கே நிறுத்தினார். நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்றார். இருவரும் நடந்தார்கள். போன மழை குழியை இன்னும் அறுத்திருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

“கல்லு போட்டு நிரப்பிட்டுப் போலாமா? இல்ல, திரும்பிடலாமா?”

“தெரியல. உங்க இஷ்டம்.”

முன்பெல்லாம் இந்த இடத்தில் மூன்று பேரும் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அவர் குந்தியபடியே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் எதையும் பார்க்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, சரி, போயிடலாம் என்று சொல்லி வண்டிக்கு நடந்தார்.

அவள் பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். வண்டி முக்கிக்கொண்டு வந்தது. முன் சக்கரங்கள் ஏறின. கொஞ்சம் மேட்டுப் பக்கம் என்று கை நீட்டினாள், வந்தது. போதும் என்று கையைக் கீழே விட்டாள், அப்படியே வந்தது. முன் சக்கரங்கள் குழியைக் கடந்தன. பிறகு பின் சக்கரங்களின் முறை. மேட்டுப் பக்கத்துச் சக்கரம் திமிலில் ஏறுவதையும், பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம் குழியின் விளிம்பை உடைத்துக்கொண்டு இறங்குவதையும் பார்த்தாள். வெள்ளைப் பெட்டி வானத்தில் மெதுவாகச் சரிந்தது. முன்னால் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது, டயருக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது யாரோ வீட்டு டீவியில் சத்தம் இல்லாமல் ஓடுகிற படம் மாதிரி இருந்தது. அவள் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுடைய மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: சாயுது.

பெட்டிக்குள்ளே அலமாரி திறந்து சாமான்கள் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து வண்டிக்குள் பார்த்தாள். ஓட்டும்போது அவர் பார்ப்பது அவளுடைய கையை. அதுதான் பழக்கம், கையைத் தவிர வேறெங்கும் பார்க்க மாட்டார். இப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது கையை அல்ல, அவளுடைய முகத்தை. அவர் முகத்தில் பதற்றம் இல்லை, வியர்வை இல்லை. பஸ் வரும்போது வரட்டும் என்று நிற்கிறவர் முகம். வண்டி இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

“நில்லு!”

தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீங்க வாங்க இல்லாமல் பேசியதில்லை. இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருந்தன. வண்டி நின்றது. நின்ற பிறகும் பெட்டி ஒரு தடவை பள்ளத்துப் பக்கமாக ஆடி, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்தது.

அவள் ஓடினாள். குழியைப் பார்க்கலாம் என்று பள்ளத்துப் பக்கமாகவே ஓடினாள். அதுவரை வாய் திறக்காதவர் கத்தினார்.

“அந்தப் பக்கம் போகாத! உன் மேல சாஞ்சிடும்!”

அவள் நின்றாள். மேட்டுப் பக்கமாகச் சுற்றி அவருடைய ஜன்னலுக்கு வந்தாள். அவர் இருக்கை மேட்டுப் பக்கம் இருந்தது. அவர் இறங்கினால் அந்தப் பக்கத்துக் கனம் குறைந்து வண்டி போய்விடும். பிரேக்கை விட்டாலும் போய்விடும். ஆக, அவர் அங்கேயே, மிதித்த காலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே இருக்கிற வேலை அத்தனையும் அவளுடையது. முதலில் பட்டையைக் கட்டு என்றார். கட்டினாள். பக்கப் பெட்டியிலிருந்து இழுவைப் பட்டையை எடுத்து, ஒரு நுனியைப் பின்பக்கம் சட்டத்தில் மாட்டி, மறு நுனியைச் சரிவுக்கு மேலே சற்றுப் பின்னால் நின்ற மரத்தின் அடியில் சுற்றி, கைப்பிடியை அடித்து அடித்து முறுக்கினாள். பட்டை விறைத்ததும் வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் குழிப் பக்கம் போக விட்டார். பின் சக்கரம் திரும்பி ஏறிவரக் குழியின் பின்விளிம்பில் கல் அடுக்கிச் சரிவு பண்ண வேண்டும். பெரிய கல் அடியில், சின்னது இடுக்கில். அவள் கல் கொண்டுவந்து கொண்டுவந்து போட்டாள்.

நடுவில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு ஜன்னல் பக்கமாக வந்தபோது நின்றாள்.

“ரசமட்டம் பாக்கலையா நீங்க?”

“பாத்தேன்.”

“குமிழ் எங்க இருந்துச்சு?”

“சிவப்பத் தாண்டிடுச்சு.”

“அப்புறம் ஏன் நிக்கல?”

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மாட்டார் என்று நினைத்து அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன” என்றார். “சாயறது உனக்குத் தெரியுது. கையத் தூக்கல. போறதுன்னா போகட்டும்னு விட்டுட்ட போலன்னு நெனச்சேன். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.”

அவர் அதை ஆணி வரவில்லை, வெல்டர் லீவு என்று சொல்கிற குரலிலேயே சொன்னார். அவளுக்கு முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கையிலிருந்த கல்லின் கனம் மட்டும் தெரிந்தது. பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது; நாத்தனார் பேச்சுக்கு வராதது, டாக்டர் கையை விரித்தபோது வராதது, எல்லாம் வழி தெரிந்து ஒன்றாகக் கிளம்பி வந்த மாதிரி வந்தது. கல்லைக் கீழே போட்டாள். அது அவளுடைய கால் விரலை உரசிக்கொண்டு விழுந்தது, அதையும் அவள் பார்க்கவில்லை.

“அவளும் என்னக் கேக்காமத்தான் போனா” என்றாள். “நீயும் கேக்காமப் போவியா?”

அவர் திரும்பினார்.

“நான் விட்டுட்டேன்னு யார் சொன்னா? நான் ஏதாவது சொன்னேனா? வாயத் தொறந்து சொன்னேனா?”

“நீதான் எதுவுமே சொல்றதில்லையேம்மா.”

உண்மைதானே. தெரியல, உங்க இஷ்டம், போலாம், ம். வாலு போனதிலிருந்து அவள் அவருக்குக் கொடுத்த வார்த்தைகள் அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தனக்குத் தோன்றியபடி அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். பக்கத்திலேயே இன்னொருத்தரும் மூழ்கிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. ஜன்னல் உயரத்தில் இருந்ததால் முடியவில்லை.

“காலு நடுங்குது” என்றார் அவர், சின்னக் குரலில்.

“நடுங்கட்டும். மிதிச்சுக்கிட்டே இருங்க.”

மிச்சக் கல்லையும் போட்டாள். சும்மா போடவில்லை, ஒவ்வொன்றையும் மிதித்து, ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் எடுத்து மாற்றி வைத்தாள். அவளுடைய உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. பிறகு மரத்தடிக்குப் போனாள், அங்கிருந்து பின் சக்கரமும் தெரிந்தது, பக்கக் கண்ணாடியில் அவருடைய முகமும் தெரிந்தது. வண்டி பின்னால் வர வர மரத்துக்கும் அதற்கும் தூரம் குறையும், பட்டை தளரும். தளர்ந்தால் பிடிமானம் போயிற்று. அதனால் ஒரு சாண் வரவேண்டும், நிற்க வேண்டும், அவள் முறுக்க வேண்டும், மறுபடி ஒரு சாண்.

கேளுங்க என்று அங்கிருந்து சொன்னாள். இனிமேல் நான் வாங்கன்னு சொன்னால்தான் வரணும், நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிற்கணும் என்றாள். அவர் கண்ணாடியில் தலையாட்டினார்.

“வாயத் தொறந்து சொல்லுங்க.”

“நீ ஒண்ணும் சொல்லலன்னா நிக்கணும்.”

வாங்க என்றாள். சக்கரம் கல்லில் ஏறியது. நில்லுங்க என்றாள். முறுக்கினாள். வாங்க. நில்லுங்க. இரண்டே வார்த்தைதான், அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப் போயிற்று, அப்போதும் விடவில்லை. ஒரு கல் உருண்டு குழிக்குள் போய், பெட்டி சரக்கென்று அந்தப் பக்கம் இறங்கியது. நில்லுங்க என்று அவள் சொல்வதற்குள்ளேயே அவர் நிறுத்தியிருந்தார். அவள் வாய் மூடியிருந்தது, அதனால் நிறுத்தினார். அவள் போய்க் கல்லை மாற்றினாள். கடைசியாக முன் சக்கரங்களும் திமிலை விட்டு இறங்கி, வண்டி நாலு காலில் சமமாக நின்றபோது, வெட்டவெளியில் அவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். படியிலேயே உட்கார்ந்தார்.

அவள் போய் எதிரே நின்றாள். அறையவில்லை.

“எனக்கு வாழ்ந்தது போதுமான்னு நீங்க என்னக் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்.”

“இப்பக் கேளுங்க.”

அவர் கேட்டார். அந்தக் கேள்வி அவருடைய வாயிலிருந்து வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். போதாது, இருக்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தேடிப் பார்த்தாள், அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

“தெரியல” என்றாள். “ஆனா நீங்க போறதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது. அது மட்டும் தெரியுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அவள் பார்த்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சமாளித்தது அவர்தான், அவருக்கு அதற்கு நேரமில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் படியில் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். அவருடைய காலின் நடுக்கம் படியில் தெரிந்துகொண்டே இருந்தது. அது நின்றபின் எழுந்து, உள்ளே கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கி வைத்தார்கள். சங்கிலிகளில் ஒன்று அறுபட இருந்தது, அவர் அதை மாற்றிக் கட்டினார். ஏரியைப் பற்றி இருவரும் பேசவில்லை. வண்டியைத் திருப்பினார்கள்.

இறங்கும்போது அவள் முன் சீட்டில் இருந்தாள். ஒரு மோசமான இடத்தில் மட்டும் இறங்கிக் கை காட்டினாள். அப்புறம் மண் பாதை அகலமாயிற்று, கல் குறைந்தது, தார் ரோடு வந்தது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் சமதரை, முன்னால் ஒரு வண்டி இல்லை, மாடு இல்லை, வளைவு இல்லை. ஒரு குழந்தையிடம் கொடுத்தாலும் ஓட்டிவிடலாம்.

“நில்லுங்க” என்றாள்.

அவர் நிறுத்தினார். ஓரமாகக்கூட ஒதுக்கவில்லை, ரோட்டு நடுவிலேயே அப்படியே நிறுத்தினார். பிரேக்கில் கால் இருந்தது. முன்னால் பார்த்தார், பக்கக் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் புலப்படவில்லை.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. நிக்கிறீங்களான்னு பாத்தேன்.”

அவர் வண்டியை எடுக்கவில்லை. அவள் வாங்க என்றோ போங்க என்றோ சொல்லட்டும் என்று, காலை எடுக்காமல், காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.